முடியாது என்று நிரூபித்தவரை வேலைக்கு அழைப்பது

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவது லேசான காரியமல்ல. தன்னால் உழைத்துப் பிழைக்க முடியாது என்பதைச் சமூகப் பாதுகாப்புத் துறையிடம் மருத்துவச் சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். மறுப்பு, மேல்முறையீடு, விசாரணை என்று பலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அப்படிப் போராடி வாங்கியவரைத்தான், வேலைக்குப் போய்ப் பாருங்களேன் என்று அதே துறை அழைக்கிறது. 1999 டிசம்பரில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்த 'டிக்கெட் டு ஒர்க்' திட்டத்துக்கு இந்த முரண் பிறவியிலேயே உண்டு.

திட்டத்தில் கட்டாயம் கிடையாது. அதை மனதாரப் பாராட்டலாம். பயிற்சியும் வேலையும் தேடித்தரும் அமைப்பைப் பயனாளியே தேர்ந்தெடுக்கிறார். இதற்கு முன்பிருந்தே உள்ள விதிப்படி, ஒன்பது மாதம் வரை எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை குறையாது. உதவித்தொகை நின்ற பிறகும் மருத்துவக் காப்பீடு பல ஆண்டுகள் தொடரும். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி உடம்பு முடியாமல் போனால், புதிதாக விண்ணப்பிக்காமலே திரும்பி வரலாம்.

சிக்கல் அந்த ஒன்பது மாதச் சோதனைக் காலம் முடிந்ததும் ஆரம்பிக்கிறது. 2025இல் பார்வை உள்ளவர்களுக்கான மாத வருமான வரம்பு 1,620 டாலராக இருந்தது. அப்போது 1,600 சம்பாதித்தால் உதவித்தொகை முழுசாக வந்தது. சோதனைக் காலத்துக்குப் பின் தரும் சலுகை மாதங்களும் கழிந்தபின் 1,640 சம்பாதித்தால் ஒரு காசும் வரவில்லை. கூடுதலாக ஒரு ஷிப்ட் பார்க்கச் சொன்னால் யார்தான் தயங்க மாட்டார்கள்?

அதைவிடக் கொடுமை பாக்கிக் கடிதம். சம்பள விவரத்தைப் பயனாளி ஒழுங்காகத் தெரிவித்திருப்பார். அலுவலகம் கணக்குப் பார்க்கத் தாமதித்து, பணத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள், அதிகமாகக் கொடுத்துவிட்டோம், ஆயிரக்கணக்கான டாலரைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் வரும். இதற்காக உதவித்தொகையிலிருந்து செய்யும் மாதப் பிடித்தத்தை 2024இல் பத்து சதவீதமாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டே ஐம்பதாக ஏற்றிவிட்டார்கள்.

வரம்பைத் தளர்த்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் சோதித்தார்கள். வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் இரண்டு டாலருக்கு ஒரு டாலர் மட்டும் குறைப்பது என்று பெரிய அளவில் நடத்திய 'பாண்ட்' சோதனையில் சராசரி வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆக, கணக்கு மட்டும் தடையில்லை. உதவித்தொகை கிடைக்கும் நேரத்தில் பலருக்கு உடம்பும் தளர்ந்திருக்கும், பழைய வேலைத் தொடர்பும் அறுந்திருக்கும்.

பலன் தந்த வழி வேறு. நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறையில், கடும் மனநோய் உள்ளவர்களை மாதக்கணக்கில் பயிற்சியில் உட்காரவைப்பதில்லை. விரும்பிய வேலையைச் சீக்கிரம் தேடிக்கொடுத்து, சேர்ந்த பின்பும் கூடவே நிற்கிறார்கள். பல ஆய்வுகளில் இது பழைய முறைகளை விஞ்சியிருக்கிறது. ஆனால் ஆளும் நேரமும் நிறையத் தேவை. 'டிக்கெட்'டிலோ, பயனாளி சம்பாதிக்கத் தொடங்கினால்தான் அமைப்புக்குக் காசு. சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவரையே அது தேடும். அதிகம் உதவி வேண்டியவர் வரிசையின் கடைசியில் நிற்பார்.

விதியைத் திருத்துவதென்றால் முதல் திருத்தம் இதுதான்: வருமானத்தை ஒளிக்காமல் சொன்னவரிடம், அலுவலகத்தின் தாமதத்தால் போன பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது.