சேவலின் கண்ணில் ஒரு கடிகாரம்

ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டி புதுச்சேரி போகிறவர்கள் கூனிமேட்டில் வண்டியை நிறுத்தியிருக்க மாட்டீர்கள். வழியில் உப்புக் குவியலை செல்போனில் ஒரு படம் எடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் இருக்கிறது. போன முறை போனபோது பஜ்ஜு ஷியாமின் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’கை எடுத்துப்போனேன். சென்னையில் இருக்கும் தாரா பதிப்பகம் 2004-ல் போட்ட புத்தகம்.

பஜ்ஜு, மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கர் என்ற ஊரைச் சேர்ந்த கோண்டு ஓவியர். இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். லண்டனில் ஓர் உணவகச் சுவரில் படம் வரையக் கூப்பிட்டார்கள். போனார். திரும்பி வந்து, தான் பார்த்த லண்டனை வரைந்தார். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதில் ஒரு சேவல். அதன் கண்ணுக்குப் பதில் பிக் பென் கடிகாரம்! கோண்டுகளுக்கு நேரம் என்றால் சேவல். லண்டன்காரருக்குக் கடிகாரக் கோபுரம். இரண்டு நேரமும் ஒரே உடம்பில் குடியேறிவிட்டன.

புத்தகத்தைப் பாயில் விரித்ததும் வீடே சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஆயா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “சரியாத்தானே போட்டிருக்கான்? எங்க காலத்துல அதுதான் கடியாரம்” என்றார். உப்பளத்தில் வேலை செய்யும் மகன் சிரித்தார். “இருட்டோட உப்பு வாரப் போறதுக்கு இப்ப செல்லுல அலாரம் வெச்சிருக்கோம். சேவல் குழம்புக்குத்தான்!”

ஏழாவது படிக்கும் பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம ஊருக்கு வர்ற பூநாரைய வரைஞ்சா, கண்ணுல என்ன வைக்கிறது?”

“உப்பு மூட்டை வை” என்றார் அப்பா. அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: “தண்ணி வை. தண்ணி இருந்தாத்தானே அது வரும்?”

இதைவிடப் பெரிய விமரிசனத்தை நான் படித்ததில்லை.

கோண்டு பாணி என்ற பெயரில் புள்ளியும் கோடும் போட்ட மான், மயில் படங்களை ஓட்டல் வரவேற்பறையில் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் பறவை, திரைச்சீலை டிசைன் மாதிரி ஆகிப்போயிருக்கும். பஜ்ஜுவின் சேவல் அப்படி இல்லை. அது யோசிக்கிறது. ‘கிராமத்துக் கலை, வெள்ளந்தி’ என்று நாம் தட்டிக்கொடுக்கிற வேலையை அது அனுமதிப்பதில்லை. இதே புத்தகத்தில் சாயங்காலமானால் பப்புக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்களை வௌவால்களாக வரைந்திருக்கிறார். எத்தனை காலம் அவர்கள் நம் பழங்குடிகளை வேடிக்கை பார்த்தார்கள்! இங்கே பார்வை திரும்பியிருக்கிறது.

எனக்கு ஒரே குறை. இத்தகைய புத்தகங்கள் கூனிமேடு மாதிரி ஊர்களுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவர்களோ அங்கே இருக்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் கழுவெளி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால், “தண்ணி வை” என்று சொல்ல அந்த அம்மாவுக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

அடுத்த முறை வீட்டுக்குப் பறவைப் படம் வாங்கும்போது சோபா கலருக்கு மேட்ச் ஆகிறதா என்று பார்க்காதீர்கள். அதன் கண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.