ஆர்வெலின் விடுதியும் போல்டனின் விடுதிகளும்

பிரிட்டிஷ் பப்பைப் பற்றி எழுதிக் குவித்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். ஒன்று, 1946 பிப்ரவரி 9 அன்று லண்டனின் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘தி மூன் அண்டர் வாட்டர்’. ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். மற்றது, 1943இல் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’. மக்களின் அன்றாட வாழ்க்கையை உற்றுநோக்கிப் பதிவு செய்த மாஸ் அப்சர்வேஷன் குழு லங்காஷயரின் பருத்தி ஆலை நகரமான போல்டனில் நடத்திய கள ஆய்வின் தடித்த தொகுதி. முன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னது ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் காலம் தள்ளுகிறது. புகழ் இப்படிப் பங்கிடப்பட்டது சரிதானா?

ஆர்வெலின் உத்தி எளியது, துல்லியமானது. தனக்குப் பிடித்த விடுதி ஒன்றை அங்குலம் அங்குலமாக வருணிக்கிறார். வார்ப்பிரும்புக் கணப்பு, புகையிலைப் புகையில் மஞ்சள் பாரித்த கூரை, கணப்புக்கு மேலே பஞ்சடைத்த காளைத்தலை, இளஞ்சிவப்புப் பீங்கான் குவளை, குழந்தைகள் ஊஞ்சலாடும் பின்புறத் தோட்டம். வாசகர் முகவரி கேட்கத் தயாராகும் இடத்தில், அப்படி ஒரு விடுதியே இல்லை என்று சொல்லிவிடுகிறார். பத்துத் தகுதிகளில் எட்டு கொண்ட ஒன்று தெரியும், அவ்வளவுதான். வெறும் பட்டியலாகச் சரிந்திருக்க வேண்டிய கட்டுரையை இந்தத் திருப்பம் விமர்சனமாக உயர்த்துகிறது. பட்டியலின் ஒவ்வொரு உருப்படியும் அன்றைய லண்டன் விடுதிகள்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்பது அப்போதுதான் புலப்படுகிறது: போலி மர உத்தரங்கள், கண்ணாடி மேசைகள், பேச்சை மூழ்கடிக்கும் வானொலி.

மதிப்பீட்டு வரிசையிலும் அவர் தெளிவானவர். பீரின் தரத்தை முதலில் வைக்காமல் சூழலை வைக்கிறார்; பேச முடிகிற அளவு அமைதி, பரிமாறும் பெண்களுக்கு வாடிக்கையாளர் பெயர் தெரிந்திருப்பது. சட்டத்தின்மீதும் கை வைக்கிறார். 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை மதுக்கூடத்துக்குள் விடவில்லை. குடும்பம் கூடும் இடமாக இருக்க வேண்டியதைக் குடிக்க மட்டுமான இடமாக இது ஆக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். கட்டுரையில் ரசனை கடந்து சிந்தனை நுழையும் இடம் இதுதான். இதை இன்னும் இரண்டு பத்தி வளர்த்திருக்கலாம். நாளிதழின் இடநெருக்கடி விடவில்லை போலும்.

குறை, நோக்கு நிற்கும் இடத்தில் இருக்கிறது. முழுக் கட்டுரையும் வாடிக்கையாளரின் நாற்காலியிலிருந்து பார்க்கிறது. விடுதி யாருக்குச் சொந்தம், நடத்துபவர் யாரிடம் பீர் வாங்கியாக வேண்டும் என்ற கேள்விகள் எழவே இல்லை. அன்றைய விடுதிகளில் பெரும்பாலானவை மது ஆலைகளின் உடைமை. குத்தகைக்கு எடுத்தவர் அந்த ஆலையின் சரக்கையே விற்றாக வேண்டும். குவளையின் நிறத்தைக் கவனித்த கண், அதில் ஊற்றப்படுவதைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தைக் கவனிக்கவில்லை. கட்டடத்தின் உட்பிரிவுகளையும், அதாவது பப்ளிக் பார், சலூன் பார், பெண்களுக்கான அறை, வீட்டுக்கு வாங்கிச் செல்வோருக்கான ஜன்னல் ஆகியவற்றையும், ஒரு ரசிகரின் மகிழ்ச்சியோடு எண்ணிச் செல்கிறார். எந்த அறையில் யார், ஏன் என்று கேட்கவில்லை.

போல்டன் தொகுதி அங்கேதான் தொடங்குகிறது. ‘வால்ட்’ என்ற அறையில் தரையில் துப்பல்தொட்டி, மர இருக்கை, ஆண்கள் மட்டும். கூடத்தில் மெத்தை இருக்கை, பெண்களும் உண்டு, கோப்பைக்கு ஒரு பென்னி கூடுதல். ஒரே பீப்பாயின் பீர்தான். அந்த ஒரு பென்னி எதை வாங்குகிறது என்பதை அறை அறையாக விளக்கும்போது, ஒரு கூரைக்குக் கீழே வர்க்கமும் பால்பேதமும் அடுக்கப்பட்ட விதம் கண்முன் விரிகிறது. ஆர்வெல் ரசித்த அதே உட்பிரிவு இங்கே பொருள் பெறுகிறது.

இந்நூலின் உச்சம், குடிக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்த பகுதி. சேர்ந்து குடிப்பவர்களின் கோப்பைகளில் பீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இறங்குகிறது. சில நொடி வித்தியாசத்தில் எல்லாம் காலியாகின்றன. ஒருவரை ஒருவர் பார்த்து வேகத்தைச் சரிசெய்கிறார்கள் என்று முடிவுகட்டப் போகும்போது, பார்வையற்றோர் குழு ஒன்றும் அப்படியே குடித்ததாக அறிக்கை வருகிறது. ஆக, கண்ணுக்கு வேலையில்லை. முறை வைத்து ஆளுக்கொரு ரவுண்டு வாங்கித் தரும் வழக்கம் உடலின் தாளமாகவே ஊறியிருக்கிறது. பின்தங்குபவர் அடுத்த ரவுண்டைத் தடுக்கிறார். முந்துபவர் பேராசைக்காரர் ஆகிறார். பப் என்ற நிறுவனத்தின் எழுதப்படாத சட்டத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய பக்கங்கள் வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே.

ஆனால் நூலாக அது தோற்கிறது. குழுவை நிறுவியவர்களில் ஒருவரான டாம் ஹாரிசனின் மேற்பார்வையில், நாவலாசிரியர் ஜான் சோமர்ஃபீல்டின் கைப்பட உருவான இத்தொகுதியில் தேர்வு என்ற ஒழுக்கமே இல்லை. ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் சலிக்காமல் கொட்டப்படுகின்றன. அட்டவணை எதை நிறுவ வந்தது என்பதை அட்டவணையே மறந்துவிடுகிறது. போதாததற்கு, நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளில் மானுடவியல் களப்பணி செய்து திரும்பியவர் ஹாரிசன். ஆலைத் தொழிலாளியைப் பார்க்கும் பார்வையில் அந்தப் பயணியின் தூரம் கரையவே இல்லை. பக்கத்து மேசையில் குடிப்பவர்போல் அமர்ந்து, தொழிலாளி அறியாமல் குறிப்பெடுத்த முறையின் அறம் குறித்து நூலுக்குக் கவலையே இல்லை.

ஒரு தகவலைத் தவிர்க்க முடியாது. ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ வெளிவந்தபோது ‘தி லிஸனர்’ இதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர் ஆர்வெல்தான். எனவே மூன்றாண்டு கழித்துத் தன் கனவு விடுதியைக் கட்டியபோது, அவருக்கு ரவுண்டும் தெரியும், பென்னிக் கணக்கும் தெரியும். தெரிந்தே விட்டார். கட்டுரையின் வடிவ ஒருமை இந்த விலக்கலில் கிடைத்தது. அதன் மெலிவும் அதில்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஊனம் ஒன்று: குழந்தைகளைத் தவிர வாசலில் வேறு யார் தடுக்கப்படுவார்கள் என்பது எந்தப் பிரதியிலும் கேள்வியாக எழவில்லை. 1964இல் பிரிஸ்டலின் பே ஹார்ஸ் விடுதியில் பரிமாற மறுக்கப்பட்ட கறுப்பினத்தவரான பால் ஸ்டீஃபன்சன் வெளியேற மறுத்துக் கைதானார். மறு ஆண்டு வந்த இனவுறவுச் சட்டம் பொது இடங்களில் இத்தகைய விலக்கைத் தடை செய்தது. லண்டனின் எல் வினோ மதுக்கூடத்தில் பெண்கள் பரிமாறும் மேடையருகே நின்று குடிக்கும் உரிமைக்கு 1982ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. 1940களின் எழுத்தைப் பிற்கால அளவுகோலால் அளப்பது முறையல்லதான். ஆனால் அறைப் பிரிவினையை விளக்கிய போல்டன் நூல் இக்கேள்விக்கான கருவியைக் கையில் தருகிறது. ஆர்வெல் தருவது ஏக்கத்தை.

அந்த ஏக்கம் நன்றாக விலைபோனது. டிம் மார்ட்டின் 1979இல் தொடங்கிய வெதர்ஸ்பூன் நிறுவனம் இசையில்லாக் கூடம் என்ற கொள்கையை ஆர்வெலிடமிருந்து எடுத்து, பல கிளைகளுக்குக் கட்டுரையின் பெயரையே சூட்டியது. மான்செஸ்டரின் டீன்ஸ்கேட் தெருவில் பழைய திரையரங்கு ஒன்றில் திறந்த ‘மூன் அண்டர் வாட்டர்’ பிரம்மாண்டமானது. பெயர் சொல்லி அழைக்கும் பரிமாறுநரை ஆர்வெல் கேட்டார். இன்று அந்நிறுவனக் கிளைகளில் மேசை எண்ணைக் கைபேசிச் செயலியில் தட்டினால் கோப்பை வந்து சேர்கிறது. தகுதிகளின் பட்டியலைப் பின்பற்றுவது எவருக்கும் எளிது. போல்டனின் ரவுண்டைக் கிளை திறந்து நகலெடுக்க முடியாது.

உரைநடையின் தேர்ச்சிக்கு முதலிடம் ஆர்வெலுக்கே, அதில் ஐயமில்லை. பப் பற்றிய அறிவு என்ற அளவில் அவர் கட்டுரை இரண்டாம் இடத்துக்கு இறங்க வேண்டும். பப்பின் இலக்கணமாக அதைக் கற்பிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். போல்டன் தொகுதியில் பாதியை வெட்டலாம். வால்டும் கூடமும் பேசும் இயலும், கோப்பைகள் ஒரே மட்டத்தில் இறங்கும் பக்கங்களும் மட்டும் எஞ்சினாலும் அது இத்துறையின் முதல் நூலாகவே இருக்கும்.