சுவரில் மாட்டிய மீன்

பாடம் செய்த புலிக்கு ரோமமும் வரியுமாவது மிஞ்சும். மீனுக்கு அதுவும் கிடையாது. செத்ததுமே நிறம் மங்க ஆரம்பிச்சிடும்; தோல் காய்ந்தால் மிச்சமும் போச்சு. ஆக, வரவேற்பறையில் நாம் பார்ப்பது தோல்மேல் அடித்த பெயின்ட்தான். இதில் 'அசல்' என்று பெருமைப்பட என்ன இருக்கு?

அமெரிக்காவில் பலர் மீனின் நீளம், சுற்றளவை அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். சுவருக்கு ஃபைபர்கிளாஸ் மீன். டூப்ளிகேட்தான், ஆனால் எனக்கு அதுதான் யோக்கியமாகப் படுகிறது.

1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் ஒன்று பிடிபட்டது. பிடித்தவர், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்வதையே தொழிலாகக் கொண்ட வான் இங்கன் குடும்பத்துக்காரர். காவிரிப் படுகைக்கே உரிய அந்தக் கூன்முதுகு மஹ்சீரின் அறிவியல் பெயர் தெளிவானதே 2018இல்தான். அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்தாச்சு.