சிறையும் யாப்பும்

தேசம் கொந்தளிக்கும் காலத்தில் சீரும் தளையும் எண்ணிச் செய்யுள் இயற்றுவது வீண்வேலை என்னும் அபிப்பிராயத்தைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1908-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று, கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912-ன் இறுதியில் விடுதலை பெற்ற அப்பெரியவர், தம் சுயசரிதையை வசனத்தில் எழுதாமல் அகவலில் எழுதினார்.

வக்கீலாயிருந்தவருக்கு வசனம் கைவராமல் இல்லை. ஆனால் வசனத்தில், கோபமும் தன்னிரக்கமும் பெருகும்போது அவற்றைத் தடுத்து நிறுத்த எழுதுபவனின் சங்கற்பத்தையன்றி வேறு கரை கிடையாது. அகவலிலோ, பட்ட அவமானத்தையும் நாற்சீரடிக்குள் அடக்கியாக வேண்டியிருப்பதால், மோனைக்குச் சொல் தேடும் அந்தச் சிறு பொழுதில் மனம் தன் துக்கத்தினின்று ஒரு முழம் விலகி நின்று அதனை நோக்குகிறது. பேச்சுக்கு அண்மையில் நடக்கும் பாவாகையால், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நடந்த சம்பவமும் சிதையாமல் அதனுள் இடம்பெறுகின்றன. வெண்டளை பிறழாமல் காத்து, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடித்தாக வேண்டிய வெண்பாவில் இவ்வளவு தாராளம் இல்லை. அங்கே ஒரு கைதியின் துயரம், இலக்கணத்துக்கு இணங்கி இணங்கி, எவருடையதுமான பொதுத்துயரமாகிவிடும் அபாயம் மிகுதி.

அகவலிலும் குறையுண்டு. அடி நிரப்பவென்றே அடைமொழிகள் வந்து அமர்கின்றன. பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே ஓசையில் செல்வதால், வாசகன் திடுக்கிட்டு நிற்கவேண்டிய இடத்தையும் கடந்து போய்விடுகிறான். கூட்டத்தின் நாவில் ஏறும் சக்தியும் அதற்கு இல்லை. 1928-ல் பாரதியார் பாடற்புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது, சிந்தும் கண்ணியும் ஏற்கெனவே ஜனங்களின் கண்டத்தில் குடியேறியிருந்தன. மெட்டைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்தால் இயலும்? சிதம்பரம் பிள்ளையின் அகவலோ, அவர் காலமாகிப் பத்தாண்டு சென்று, 1946-லேதான் நூல்வடிவம் கண்டது.

ஆயினும், செக்கிழுத்த பகுதியை வாய்விட்டு வாசிக்கும்போது மட்டும், ஒரே ஓசை என்ற குற்றத்தைச் சுமத்த எனக்கு மனம் வருவதில்லை. ஏறாமலும் இறங்காமலும் அடிமேல் அடியாக வரும் அவ்வகவல், கோயம்புத்தூர்ச் சிறையில் அந்தச் செக்கைச் சுற்றிவந்த கால்களின் நடையாகவே என் செவியில் விழுகிறது.