சுயமரியாதைத் திருமணம்: அகன்ற புரோகிதரும் அகலாத சாதியும்

புரோகிதரும் மந்திரமும் தீவலமும் இல்லாமல், கூடியிருப்போர் அறிய ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக மணமக்கள் உறுதி கூறுவதே சுயமரியாதைத் திருமணம். 1925இல் தோன்றிப் பெரியார் தலைமையில் வளர்ந்த சுயமரியாதை இயக்கம், நாத்திகத்தை மேடைப் பேச்சோடு நிறுத்தாமல் வீட்டுக்குள் கொண்டுசென்ற வழி இது. இதன் முதல் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்ததாக இயக்க வரலாறு குறிக்கிறது.

கடவுள் இல்லை என்பது மட்டும் இம்முறையின் அடிப்படை அன்று. பிறப்பால் உயர்ந்தவராகக் கருதப்படும் ஒருவர் வந்து நடத்தினால்தான் மணம் செல்லும் என்ற எண்ணம், மணமக்களுக்குப் புரியாத மொழியில் ஓதப்படும் உறுதிமொழி, பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கும் சடங்கு ஆகிய மூன்றையுமே இயக்கம் எதிர்த்தது. தத்துவ வாதத்திலிருந்து பிறந்த நாத்திகத்துக்கும் தமிழ்நாட்டு நாத்திகத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. இங்கே மதமறுப்பு, சமூகத் தாழ்வை மறுக்கும் கருவியாக வந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரியது. மங்கல காரியங்களில் முன்னே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட கைம்பெண்கள் இம்முறையில் மறுமணம் செய்துகொண்டனர். நாள் நட்சத்திரம் பார்க்காமல், வேண்டுமென்றே ராகுகாலத்தில்கூட மணங்கள் நடந்தன. ஊரும் உறவும் கைவிட்டுவிடக்கூடிய காலத்தில் இப்படி மணந்தவர்களின் துணிவு எளிதானதன்று.

அத்துணிவுக்குச் சட்டத்தின் துணை நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் குறித்த வழக்கில், சடங்கில்லாத மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. தொன்மையான வழக்கம் என்று சொல்லும் தகுதி புதிய இயக்கத்தின் முறைக்கு இல்லை என்பது நீதிமன்றத்தின் நிலை. கொள்கைக்காக மணந்தவர்களின் மனைவி என்ற தகுதியும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் இதனால் கேள்விக்குள்ளாயின. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்கச் சடங்குகளையே அளவுகோலாகக் கொண்டது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு அச்சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 1968இல் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களுக்கும் அது செல்லுபடி அளித்தது.

உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் புரியும் மொழியில் உறுதி கூறலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும் என்கிறது அப்பிரிவு. மணப்பவர் கடவுளை நம்புகிறாரா என்று அது கேட்பதில்லை. பக்தர்களும் பயன்படுத்தக்கூடிய ஒன்றாக நாத்திகர்கள் உருவாக்கிய சட்டம் என்பதே அதன் தலையாய சிறப்பு. நம்பிக்கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தியிருந்தால் அது ஒரு சிறு குழுவின் வழக்கமாகவே நின்றிருக்கும். உச்ச நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதன் பயனை நன்கு காட்டுகிறது. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணை மணந்த ஒருவர், ஏழடி வைக்கும் சடங்கு நடக்காததால் இரண்டாவது மணம் மணமே ஆகாது என்று சொல்லித் தண்டனையிலிருந்து தப்ப முயன்றார். 7-ஏ பிரிவின்படி அச்சடங்கு தேவையில்லை என்று நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. முதல் மனைவியின் வழக்கு பிழைத்தது.

இம்முறையின் பெருங்குறை சாதியைப் பற்றியது. புரோகிதரை அகற்றினால் சாதியின் ஆணிவேர் ஆட்டம் காணும் என்பது இயக்கத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் தமிழகத்தின் பல சாதிகள் பிராமணரை அழைக்காமலேயே மணம் நடத்திவந்தவை. கொங்கு வேளாளர் மணத்தில் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவது பழைய வழக்கம். அதனால் அகமண வேலி தளர்ந்துவிடவில்லை. யார் யாரை மணப்பது என்ற முடிவு மணமேடையில் எடுக்கப்படுவதில்லை. அதற்கு முன்பே நிலமும் உறவும் சாதிப் பெருமையும் கூடி அதை எடுத்துவிடுகின்றன. 1929இல் குருசாமி, குஞ்சிதம் இணையர் செய்துகொண்டது போன்ற சாதி மறுப்பு மணங்களை இயக்கம் முன்மாதிரியாகக் காட்டியது. எனினும் சொந்தச் சாதிக்குள் பெண் பார்த்து, சீர்வரிசை பேசி முடித்துவிட்டு, மேடையில் மட்டும் ஐயர் இல்லாமல் நடத்தும் மணத்துக்கும் அதே பெயர்தான். சாதி மீறிய ஒரு மணத்தை அடுத்து 2012இல் தர்மபுரியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி மீறி மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சடங்கைத் துறப்பதைவிட வேலியைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவை சான்று.

அரசியலோடு கொண்ட உறவும் இம்முறையைப் பாதித்தது. தொடக்கத்தில் மணமேடை கொள்கை விளக்கும் இடமாக இருந்தது; பெண்ணுரிமை பற்றி அதுவரை கேட்டிராதவர்களும் அங்கே கேட்டார்கள். பிற்காலத்தில் பல இடங்களில் அது கட்சித் தலைவரின் வருகைக்குரிய மேடையானது. அவர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், அவர் வரும்வரை மணமக்கள் காத்திருக்கிறார்கள். ஒரு நடுவரை விலக்கிய இடத்தில் இன்னொரு நடுவர் வந்து அமர்வதைத் திராவிடக் கட்சிகள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பெண்ணின் நிலையிலும் வாக்குறுதி பாதியே நிறைவேறியது. பெரியார் மணத்தைச் சரிநிகரான இருவரின் ஒப்பந்தமாகக் கண்டார், தாலியை எதிர்த்தார். சட்டம் தாலியையும் ஒரு வழியாக ஏற்றது. பரவலுக்கு அது உதவியது, கொள்கையை நீர்க்கச் செய்தது. 2015இல் திராவிடர் கழகம் சென்னையில் நடத்திய தாலி அகற்றும் நிகழ்வுக்கு எழுந்த எதிர்ப்பு, அந்தக் கயிற்றின் பிடி தளரவில்லை என்பதைக் காட்டியது. ஒப்பந்தம் என்றால் இருவரும் இசைந்து விலகவும் வழி வேண்டும். இசைந்த மணவிலக்குக்கு இந்து திருமணச் சட்டத்தில் 1976இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் நீதிமன்றத்தின் வழியாகவே.

சட்ட எல்லையும் குறுகியது. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கிடையிலான மணத்துக்கே பொருந்தும். மதத்தைத் துறந்த இருவர்கூட இம்முறையில் மணக்கச் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருந்தாக வேண்டும். இந்துவும் முஸ்லிமும் மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வீட்டார் தேடிவரும் ஆபத்துள்ள இணையருக்கு அந்த இடைவெளி உயிருக்கே உலையாகலாம். பிறர் அறியாமல் வழக்கறிஞர் அறையில் நடக்கும் சுயமரியாதை மணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிய அறிவிப்பது கட்டாயமில்லை, வழக்கறிஞர் தனிப்பட்ட முறையில் சாட்சியாக நிற்கலாம் என்று அது விளக்கியது. இந்தப் பாதுகாப்பு, மதம் கடந்து மணக்கும் இணையருக்கு இன்னும் எட்டவில்லை.