இயன் பெய்ஸ் தட்டினால் அது டீப் பர்ப்பிள்

டீப் பர்ப்பிள் பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நேராக ‘எந்த மார்க்?’ என்பதில் வந்து நிற்கும். 1968-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் தொடங்கிய இந்த ராக் குழுவில் ஆள் மாறும்போதெல்லாம் அந்த அணிக்கு மார்க் 1, மார்க் 2 என்று எண் போடுவது வழக்கம். பெரும்பாலானோர் மார்க் 2 என்பார்கள். எனக்கு எல்லா மார்க்கும் வேண்டும். ஏனென்றால் பாடகர் போனார், கிட்டார்காரர் போனார், ஆர்கன் வாசித்தவரும் போனார். டிரம்ஸில் மட்டும் அன்றும் இன்றும் அதே இயன் பெய்ஸ்!

மார்க் 2-வின் மகிமையை நான் மறுப்பேனா? 1969-ல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார்காரர் ரோஜர் குளோவரும் சேர்ந்த பிறகுதானே ‘இன் ராக்’ ஆல்பம் வந்தது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் அவர்கள் பதிவு செய்யவிருந்த சூதாட்ட மாளிகை தீப்பற்றி எரிய, குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ‘மெஷின் ஹெட்’டைப் பதிவு செய்தார்களே, அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு போடலாம். அடுத்த ஆகஸ்டில் ‘மேட் இன் ஜப்பான்’ மேடைப் பதிவு. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டு உறும வைக்கிறார். ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் அதோடு மல்லுக்கு நிற்கிறது. ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது. ஒரு நொடி சலிக்கவில்லை எனக்கு. இடது கைக்காரரான பெய்ஸுக்கு அப்போது வயது 24.

ஆனால் என் உயிர் ‘பர்ன்’. 1973-ல் கில்லனும் குளோவரும் விலகியதும் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். வந்தது யார்? துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, வெளியுலகம் அறியாத டேவிட் கவர்டேல். கூடவே, பேஸ் கிட்டாரும் வாசித்து உச்சத்திலும் பாடும் கிளென் ஹியூஸ். கனத்த குரல் ஒன்று, வானத்தைத் தொடும் குரல் ஒன்று. இருவரும் மாறி மாறிப் பாட, அந்தத் தலைப்புப் பாட்டில் பெய்ஸ் செய்வதைக் கேளுங்கள். பாடகர் பாடும்போது டிரம்மர் அடக்கி வாசிப்பதுதான் முறை. இவரோ வரிக்கு வரி உருட்டிக்கொண்டே போகிறார், தாளம் இம்மி பிசகவில்லை! பாட்டைக் குலைக்க வேண்டிய வாசிப்பு, பாட்டைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பிளாக்மோர் 1975-ல் போனதும் டாமி போலின் வந்தார். ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’ ஆல்பத்தை ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. அதில் இருக்கும் ஃபங்க் துள்ளல் வேறு எந்த மார்க்கிலும் கிடையாது. 1976-ல் குழு கலைந்தது, அந்த டிசம்பரில் போலின் இறந்தே போனார், பாவம். 1984-ல் மார்க் 2 மறுபடி கூடி ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ கொடுத்தது. பின்னர் கிட்டாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் வந்து பல ஆண்டுகள் தாங்கினார்; ‘பர்பெண்டிகுலர்’ அவருடைய முதல் ஆல்பம், அற்புதம். 2002-ல் லார்ட் விலகிய இடத்தில் டான் ஏரி. 2022-ல் மோர்ஸின் இடத்தில் சைமன் மெக்பிரைட்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டோடு நின்றுவிடாதீர்கள். முதலில் ‘பர்ன்’, உடனே ‘மேட் இன் ஜப்பான்’, அப்புறம் 2024-ல் வந்த ஆல்பம். நல்ல ஹெட்ஃபோன் மாட்டி, டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். எழுபது வயதைத் தாண்டியும் பெய்ஸின் அந்தக் கைகள் என்ன துள்ளல் போடுகின்றன!