பர்மா ராணி: போர்ப் பிரச்சாரமும் காதலின் தியாகமும்

‘பர்மா ராணி’ 1945-ல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது, இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். கே.எல்.வி.வசந்தா, ஹொன்னப்ப பாகவதர் நடித்தனர். ஜப்பானியர் பிடியிலுள்ள பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானி, அவனுக்கு உதவும் பெண், அங்கிருந்து தப்பும் முயற்சி என்பது கதை.

போர்க்காலக் காதல் படம் என்றதும் நினைவுக்கு வருவது ‘காசாபிளாங்கா’ (1942). நாஜிகளுக்கு எதிரான போருக்காக ரிக் தன் காதலை விட்டுக்கொடுக்கிறான். தனிமனிதனின் ஆசையைவிடப் பொதுப்போர் பெரிது என்பதே அதன் பிரச்சாரம். அது பிரச்சாரமாகத் தோன்றாததற்குக் காரணம், அதில் நடித்தவர்களில் பலர் உண்மையிலேயே ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகள் என்பது. நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வைட்டும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். ‘பர்மா ராணி’யில் ஜப்பானிய அதிகாரியாக வருபவர் படத்தின் முதலாளியும் இயக்குநருமான சுந்தரமே.

தமிழகத்துக்கு நாஜிகள் தொலைவில் இருந்தனர்; அண்மையில் இருந்த எதிரி ஜப்பான். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபின் லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர், வழியில் ஆயிரக்கணக்கில் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்தனர். ஆகவே படம் காட்டிய எதிரி வெறும் கற்பனை அல்ல.

எனினும் இவ்வகைப் படங்கள் தாமாக முளைத்தவையும் அல்ல. போர்க்காலத்தில் கச்சா பிலிம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்குள் என்று வரம்பிடப்பட்டது. போர் ஆதரவுப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் வற்புறுத்தப்பட்டனர். ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’, கே.சுப்ரமணியத்தின் ‘மானசம்ரக்ஷணம்’ இரண்டும் அதே 1945-ல் வந்தவை. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’யை (1939) முன்பு தடைசெய்ததும் இதே அரசுதான். நாட்டுக்காகத் தியாகம் என்று அவர் அன்று காட்டியது தடைக்குள்ளானது. பேரரசின் போருக்காகக் காட்டியபோது வரவேற்கப்பட்டது.

தியாகம் யாருக்காக என்பதே இப்படங்களின் தீராத சிக்கல். ‘காசாபிளாங்கா’வில் மதுவிடுதியே எழுந்து நின்று பிரெஞ்சு தேசியகீதம் பாடும் காட்சி மிகவும் புகழ்பெற்றது. ஆனால் அது நடக்கும் மொராக்கோ பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட நாடு. பாடப்படும் விடுதலையில் அந்த மண்ணின் மக்களுக்குப் பங்கில்லை. படத்தில் அவர்களுக்குப் பேச்சும் அநேகமாக இல்லை. 1945-ன் தமிழ்ப் பார்வையாளர் ரிக்கின் இடத்தில் இருந்தவர் அல்லர். அவருக்குக் கிடைத்தது அந்த மொராக்கோ கடைத்தெருக்காரரின் இடம். அவரது தலைவர்கள் 1942 ஆகஸ்ட் முதல் சிறையில் இருந்தனர். திரையிலோ இந்திய விமானி அந்தச் சிறையின் சொந்தக்காரர்களுக்காக உயிரைப் பணயம் வைக்கிறான். காதலியும் அவனோடு சேர்ந்து துணிகிறாள். அவர்களின் துணிச்சலை ரசிக்கலாம். ‘நம் போர்’ என்று சொல்ல நா எழாது.

அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் இன்னொரு தியாகமும் நடந்தது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். படத்தின் தலைப்பிலும் ஒரு ராணி இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் நினைவில் நின்றவர்கள் அந்த ராணிகளே.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான விசாரணை டெல்லி செங்கோட்டையில் தொடங்கியதும், ஜப்பானோடு சேர்ந்து போரிட்டவர்கள் நாடெங்கும் வீரர்களாகப் போற்றப்பட்டனர். படம் யாரை எதிரியின் பக்கம் நிறுத்தியதோ அவர்கள் அதே ஆண்டுக்குள் நாயகர்கள் ஆகிவிட்டனர். பர்மா அகதியின் துயரத்தைப் பிரச்சாரச் சுமையின்றித் திரைக்குக் கொண்டுவர 1952-ல் ‘பராசக்தி’ வரவேண்டியிருந்தது. அதிலும் பிரச்சாரம் உண்டு, ஆனால் அது வேறொரு அரசியலுடையது. கப்பலேறி ஊர் திரும்புபவனுக்குச் சொந்த ஊரில் கிடைக்கும் வரவேற்பைப் பற்றியது.